அஞ்சாவது ரீடிங்

பரிச்ச ஹால்ல உக்காந்திருக்கீங்க. முன்னாடி பெஞ்சுக்காரன் பேப்பர் லேசா நழுவி, அவன் எழுதுன ஆன்சர் தெரியாத்தனமா உங்க கண்ணுல பட்டுட்டு. நீங்க எந்திரிச்சு, "சார், நான் இவன் பேப்பரப் பாத்துட்டேன்"ன்னு சொல்லுவீங்களா?

நீங்க சொல்ல மாட்டீங்க. நானும் சொல்ல மாட்டேன். அவ சொன்னா. எம்.எஸ்ஸி பாட்டனி, மொத செமஸ்டர், மொத பரிச்ச. சூப்பர்வைசருக்கே என்ன செய்யன்னு தெரியல. "சரிம்மா, உக்காரு"ங்காரு. இவ உக்கார மாட்டேங்கா. "ஏழாவது கேள்விக்கு எனக்கு மார்க் போடக் கூடாதுன்னு எங்கயாச்சும் குறிச்சுக்கோங்க சார்." ஹாலே சிரிச்சுட்டு. அந்த முன்னாடி பெஞ்சுக்காரன் நான்தான். இதுல பெரிய காமெடி என்னன்னா, நான் எழுதிருந்தது தப்பு ஆன்சர்.

அவ பேர இங்கன எழுதப் போறதில்ல. எழுதுனா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் கை வரல.

ரோல் நம்பர்ல எனக்கு அடுத்தது அவ. அதனால ரெண்டாவது வருஷம் ப்ராஜெக்ட்டுக்கு எங்க ரெண்டு பேரையும் ஜோடி போட்டுட்டாங்க. பசங்க எல்லாம் எனக்கு துக்கம் விசாரிச்சானுவ. "மாப்ள, ஒன்ன வச்சு செய்யப் போறா, நீ கொட்டாவி விட்டாக்கூட எழுதி வப்பா"ன்னானுவ. சும்மா ஓட்டுதானுவன்னு நெனச்சேன். நெசமாவே எழுதி வச்சா.

அவட்ட ஒரு நீளமான காக்கி அட்ட நோட்டு. பேனாவுலதான் எழுதுவா. பென்சில எடுத்தா, "அது கையில இருந்தா அழிக்கத் தோணும்ல"ன்னு புடுங்கி வச்சிருவா. தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு, அடில இருக்கது படிக்கத் தெரியுத மாரி. பக்கத்துல குட்டியா ஒரு கையெழுத்து. உள்ள என்ன எழுதிருப்பான்னு நெனைக்கீங்க? "11.20. டீ சிந்திட்டு. ட்ரேல படல." "12.05. கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுட்டு." "12.40. இவன் தும்முனான். ரெண்டு தடவ."

"ஏளா, என் தும்மலுக்கும் ரிசல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். நடந்துச்சுல்ல. நடந்தத எழுது லே."

இதான் அவ டயலாக். நடந்தத எழுது. ஒரு நாளைக்குப் பத்து தடவ கேப்பேன். நான் அத மிமிக்ரி பண்ணி கேன்டீன்ல சிரிப்பு வாங்குவேன். ஒரு தடவ எனக்குப் பின்னாடியே நின்னுட்டா. நான் முழிக்கேன். "வாய்ஸ் நல்லாருக்கு. 'லே'ய இன்னும் கொஞ்சம் இழுக்கணும்"ன்னுட்டு டீ வாங்கப் போயிட்டா.

ப்ராஜெக்ட் என்னன்னு சொல்லிருதேன். கோரம்பள்ளம் குளத்துல ஆகாயத்தாமர கெடக்கும், பாத்திருப்பீங்க. குட்டி முட்டகோஸ விரிச்சு மெதக்க விட்ட மாரி இருக்கும். அந்த எலைல பூனக்குட்டிக் காதுல இருக்க மாரி பொடிப் பொடியா வெள்ள முடி. தண்ணி ஊத்துனா மணி மணியா உருண்டு ஓடிரும். தண்ணிக்குள்ள வச்சு அமுக்கி எடுத்தாக்கூட காஞ்சு போயித்தான் வெளிய வரும். ஆனா ஒரு சொட்டு டீசல் விட்டுப் பாருங்க, லபக்குன்னு குடிச்சிரும். தண்ணிய அண்ட விடாது, எண்ணெய இழுத்துக்கிடும். வெளிநாட்டுல இந்த முடியப் பாத்து அதே மாரி துணி செஞ்சு, கடல்ல கொட்டுன எண்ணெய வழிச்சு எடுக்கப் பாக்காங்க. நம்ம லேப்ல அதுக்கெல்லாம் மிஷின் கெடையாது. பீக்கர்லயே பாதி வாய் ஒடஞ்சது. அதனால செடியவே நெழல்ல காயவச்சு, கொசுவலத் துணில பை தச்சு, உள்ள அடச்சு மெதக்க விடுவோம். பாக்கத் தலகாணி மாரியே இருக்கும். அப்படித்தான் கூப்டுவோம். தலகாணி.

ஐடியா எங்க ப்ராஜெக்ட் சாரோடது இல்ல, அவளோடது. ஏன்னு திரேஸ்புரத்துல அவ வீட்டுக்குப் போன அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அவ அப்பா சங்கு குளிச்ச ஆளு. மூச்சுப் புடிச்சு ஆழத்துக்குப் போயி சங்கு எடுத்துட்டு வந்த மனுஷன். அதுல பொழப்பு ஓடலன்னு இப்ப மீன்பிடி ஹார்பர்ல போட்டுக்கு அடில எறங்குதாரு. விசப்படகோட ப்ரொப்பல்லர்ல கயிறோ வலையோ சுத்திக்கிட்டா இன்ஜின் ஓடாதுல்ல, அப்ப இவரக் கூப்டுவாங்க. கத்தியோட உள்ள போயி அறுத்து விட்டுட்டு வருவாரு. கீழ வேல கஷ்டம் இல்ல. மேல வரதுதான் கஷ்டம். எல்லா போட்டும் அடித்தட்டுல கெடக்க டீசலுந் தண்ணியுங் கலந்த சாக்கடைய அங்கனயே பம்ப் பண்ணி விடுவான். தண்ணிக்கு மேல கன்னங்கரேல்னு ஆடை கட்டிக் கெடக்கும். அதுக்குள்ளதான் தல வெளிய வரணும்.

நான் போனப்ப அவரு வாசல்ல கவுத்துப் போட்ட மீன் பெட்டி மேல உக்காந்திருந்தாரு. இவ பின்னாடி நின்னு, ஒரு கையால நெத்தியப் புடிச்சு, செம்புலருந்து கண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. கீழ ஓடுத தண்ணில கலர் கலரா மினுங்குது.

"வாங்க தம்பி. நீங்கதான் தும்முத தம்பியா?"

வீட்லயும் அந்த நோட்டப் படிச்சுக் காட்டிருக்கா.

"கண்ணு எரியலயா அங்கிள்?"

"கடல்ல கண்ணத் தொறந்தா உப்பு. ஹார்பர்ல தொறந்தா டீசலு. ரெண்டும் பழகிட்டு. கண்ணாடி போட்டா அதுல எண்ண அப்பிக்கிட்டு இன்னும் மோசம். அதுக்கு ஒரு வழி இருக்கு, பாருங்க." வலது கையத் தலைக்கு மேல தூக்கி, விரல விரிச்சு, ஒரு பக்கமாத் தள்ளிக் காட்டுனாரு. "மொதல்ல கை வரணும். எண்ணெய ஒதுக்கணும். அந்த எடவெளில தல வரணும். தல முந்துச்சு, போச்சு."

இவ செம்ப வச்சுட்டு நோட்ட எடுத்தா. எட்டிப் பாத்தேன். "அப்பா. வலது கண்ணு செவப்பு. நேத்து மாரியே தண்ணி வடியுது." அதே நோட்டு. டீ சிந்துனது, நான் தும்முனது, அவ அப்பா கண்ணு, எல்லாம் அடுத்தடுத்த பக்கத்துல.

திட்டம் ரொம்ப சிம்பிள். தலகாணிய வரிசையாக் கயித்துல கட்டி, போட்டுப் பக்கத்துல வட்டமா மெதக்க விடணும். உள்ள இருக்க எண்ணெய அது குடிச்சுரும். அந்த வட்டத்துக்குள்ள அவ அப்பா தல வெளிய வரணும். அவ்வளவுதான் அவளுக்கு வேணும். எனக்கு மார்க் வேணும்.

அஞ்சு தடவ டெஸ்ட் பண்ணணும்னு கணக்கு. ட்ரேல கடல் தண்ணி, மேல டீசல், தலகாணிய மெதக்க விட்டு எடுத்து எட பாக்கணும். நாலு ரீடிங் ரெண்டு பேருமாச் சேந்து எடுத்தோம். அட்டகாசமா வந்துச்சு. அஞ்சாவதுக்கு அவ இல்ல. அப்பாவ கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா.

"ஒண்ணே ஒண்ணுதான் லே. நீயே போட்டுரு. ட்ரேய மூணு தண்ணி அலசு. மறந்துராத."

"சரி, டீச்சர்."

அன்னிக்கு வெள்ளிக்கெழம. புதுப்படம். கீழ ஒருத்தன் பைக்க வச்சு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். ட்ரேல பழைய டீசல் பிசுக்கு போகல. சோப்புப் பொடியப் போட்டுத் தேச்சேன். ஒரே ஒரு தண்ணி ஊத்திக் கவுத்தேன். வழவழன்னுதான் இருந்துச்சு. அப்படியே கடல் தண்ணிய ஊத்தி, டீசல விட்டு, தலகாணியப் போட்டேன்.

ரெண்டு நிமிஷம் மெதந்துச்சு. பொறவு ஒரு மூல சாஞ்சுது. அப்படியே கல்லு மாரி அடில போயிட்டு. எடுத்துப் பாத்தா சொதசொதன்னு தண்ணி வடியுது. தையல் சரியில்ல போலன்னு நெனச்சேன். நோட்டுல நாலு நம்பர் கண்ணு முன்னாடி இருக்கு. அதுக்கு நடுவுல எங்கயோ ஒரு நம்பரப் புடிச்சு அஞ்சாவதா எழுதுனேன். பேனாலதான். பக்கத்துல கையெழுத்து வேற. டைட்டில் போடுததுக்கு முன்னாடியே தியேட்டர்ல இருந்தேன். படம் மொக்க.

திங்கக்கெழம வந்து நோட்டப் பாத்தா. அவ சிரிச்சு நான் ரொம்பப் பாத்ததில்ல. அன்னிக்கு சிரிச்சா. "ஏலே, அஞ்சும் ஒண்ணுபோல வந்துட்டு பாத்தியா." ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கித் தந்தா. சாய்ங்காலம் உக்காந்து பெரிய சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால படம் போட்டா. நாலு புள்ளி அவ வச்சா. "அஞ்சாவது நீ எடுத்தது, நீயே வையி"ன்னு பேனாவ என் கையில தந்தா. வச்சேன். லேப் செவுத்துல ஒட்டுனோம்.

ஒரு ஞாயித்துக்கெழம ஹார்பர்ல நெசமாவே செஞ்சு பாக்கதுன்னு முடிவாச்சு. ஒரு போட்டுல கயிறு சுத்திருந்துச்சு, அவ அப்பா எறங்கணும். அடில எறங்குத வேல பாக்க மத்த ஆளுங்களையும் அவரே வரச் சொல்லிட்டாரு. "என் மவ செஞ்சது, வந்து பாருங்க. நல்லாருந்தா எல்லாருஞ் செஞ்சுக்கிடுவோம்"ன்னு வீடு வீடாச் சொல்லிருக்காரு. முந்துன நாளு கயிறு கட்ட எடம் பாக்க நானும் போனேன். டீக்கடையில அந்தப் போட்டு டிரைவர் என்ன விசேஷம்னு கேட்டாரு. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பெரிய ஆபீஸர்லாம் வாராங்கண்ணே. போட்டோ, வீடியோ, எல்லாம் இருக்கு"ன்னு சும்மா கெத்துக்கு அடிச்சு விட்டேன். ஆபீஸரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க சாரே வரல.

ஞாயித்துக்கெழம காலைல மாதா கோயில்ல பூச முடிஞ்சு நல்ல கூட்டம். அவ வட்டத்தக் கட்டி விட்டா. பதினாறு தலகாணி. அவ அப்பா கத்திய இடுப்புல சொருகிட்டு, அவளப் பாத்து, "எங்கன வரணும்ட்டி?"ன்னாரு.

"வட்டத்துக்கு நடுவுலப்பா. நேரா வாங்க."

எறங்கிட்டாரு. அவரு இடுப்புல கட்டுன கயிறு அவ கையில. நான் வீடியோ எடுக்கப் போட்டுல ஏறி அந்தப் பக்கமாப் போனேன். அங்கன டிரைவர் குனிஞ்சு நின்னு ஒரு பாக்கெட்டத் தண்ணிக்கு மேல ஒதறிக்கிட்டு இருந்தாரு. காலுக்குக் கீழ காலிப் பாக்கெட் நாலஞ்சு கெடக்கு.

"என்னண்ணே இது?"

"சோப்புப் பொடிதான். நீதான ஆபீஸர் வாராருன்ன? எண்ண மெதக்கதப் பாத்தா ஃபைன் தீட்டிருவான். இதத் தூவுனா கரஞ்சு காணாமப் போயிரும். காலைலருந்தே போட்டுக்கிட்டுதான் இருக்கோம், நீ வீடியோ எடு."

ஆபீஸர் வாராங்கன்னா போட்டுக்காரங்க வருஷக்கணக்காக் கமுக்கமாச் செய்யுத வேலதான் அது. எனக்கு அப்பவும் ஒண்ணும் ஒறைக்கல. இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். ஒரு தலகாணி மூல சாஞ்சுது. பக்கத்துல இன்னொண்ணு. அப்பத்தான் சோப்புப் போகாம வழவழன்னு இருந்த அந்த ட்ரே ஞாபகம் வந்துச்சு.

ஒண்ணொண்ணா அடில போச்சு. கூட்டத்துல ஒருத்தர், "ஏளா, ஒன் தலகாணி நல்லாத் தூங்குதுல்லா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கயிறு அவ கையில இருக்கு. ரெண்டு இழு இழுத்தா கீழ அவருக்குத் தெரியும், வேற பக்கமா வருவாரு. எண்ணெயக் குடிச்ச கனத்துல அமுங்குதுன்னு நெனச்சாளோ என்னமோ, அவ இழுக்கல. "சோப்பு தூவிருக்காங்க, அப்பாவ வேற பக்கம் வரச் சொல்லு"ன்னு நான் ஒரு வார்த்த சொல்லணும். சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. அவ கண்டிப்பாக் கேப்பா. நான் செல்போனப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அன்னிக்கு மொதல்ல கை வரல. மவ நேரா வாங்கன்னு சொல்லிட்டால்ல, தலதான் வந்துச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டு வந்தாரு. நொரயும் டீசலும் மொகம் பூரா. அவரு கத்துன சத்தம் இன்னும் எனக்குக் கேக்கும்.

தூக்கி மேல போட்டாங்க. இவ குடம் குடமா நல்ல தண்ணி ஊத்துனா. ஆட்டோல ஏத்தி, கூட்டத்துல நின்ன அவ சித்தப்பாவ அவருகூட அனுப்பிட்டு, "நான் பின்னாலயே வாரேன்"ன்னுட்டுத் திரும்பி வந்தா. எதுக்குத் தெரியுமா? நோட்டுக்கு. டிரைவர்ட்ட போனா.

"அண்ணே, தண்ணில ஏதாச்சும் போட்டீங்களா?"

"நாங்க என்னத்தம்மா போடப் போறோம்?"

எழுதுனா. என்ட்ட வந்தா.

"லே, நீ அந்தப் பக்கம் வீடியோ எடுத்தியே. ஏதாச்சும் பாத்தியா?"

"ஒண்ணும் பாக்கல."

எழுதுனா. வீடியோவ அன்னிக்கு மத்தியானமே அழிச்சேன்.

பொறவு ஒரு வாரம் லேப்ல அந்த நோட்ட மொதல் பக்கத்துலருந்து படிச்சா. வெரல வச்சு, வரி வரியா. எங்கயோ தப்பு நடந்திருக்கு, நடந்தது எழுதிருக்கும், அப்ப நோட்டுல இருக்கணும். அவ நெனப்பு அதான். டீ சிந்துன பக்கத்துல வெரல் நின்னுச்சு. கரண்ட் போன பக்கத்துல நின்னுச்சு. நான் எழுதுன பக்கம் வந்துச்சு. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"இந்த அஞ்சுல ஒன்னுதுதான் லே சுத்தமா இருக்கு. அடிச்சுத் திருத்துனதுகூட இல்ல"ன்னுட்டுப் பக்கத்தத் திருப்பிட்டா.

ரிப்போர்ட்டுல அந்த ஞாயித்துக்கெழமயையும் எழுதுனா. சார் படிச்சுட்டு, "இத எதுக்கும்மா எழுதுத? காலேஜ்ல நடந்தத மட்டும் போடு. ரிசல்ட் நல்லாருக்கு, பிஎச்டிக்கு ஒனக்கு எடம் வாங்கித் தாரேன்"ன்னாரு.

"நடந்துச்சுல்ல சார்."

"நடந்தா?"

"அப்ப எழுதணும்ல சார்."

கடைசி வரி இது: "ட்ரேல வேல செய்யுது. கடல்ல வேல செய்யல. காரணம் கண்டுபிடிக்க முடியல. தவறு என்னுடையது." என்னுடையதுன்னு எழுதிருந்தா. எங்களுடையதுன்னு இல்ல. பிஎச்டி வேண்டாம்னுட்டா. வேல செய்யாத சாமானுக்கு எதுக்கு சார் ஒரு எடம்னு கேட்டிருக்கா. எறா பேக் பண்ணுத கம்பெனில குவாலிட்டி செக்குக்குப் போனா.

வைவா முடிஞ்ச மறுநாளு நான் வீட்டுல ரெண்டு வாளி வச்சேன். மிச்சம் இருந்த ரெண்டு தலகாணி. ஒரு வாளில கடல் தண்ணியும் டீசலும். இன்னொண்ணுல அதே, கூட ஒரு சிட்டிக சோப்புப் பொடி. அம்மா, "சோறு பொங்குத எடத்துல என்னல டீசல் நாத்தம்"ன்னு கத்திக்கிட்டே இருந்தா. பொடி போட்டது அடில போயிட்டு. போடாதது ராத்திரி வரைக்கும் மெதந்துச்சு. டீசல் ஒரு சொட்டு மிச்சம் இல்ல. அவ செஞ்சது சரி. சோப்பு மட்டுந்தான் ஆகாது, அது பட்டா அந்த முடி தண்ணியையும் குடிச்சிரும். பொடி தூவாதீங்கன்னு ஹார்பர்ல நாலு பேர்ட்ட சொன்னா முடிஞ்சுது.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுல பாத்தேன். ராட்டினத்துக்கிட்ட கூட்டத்துல, அப்பா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா. அவருக்கு வலது கண்ணு சுத்தமாத் தெரியலயாம். எடது பரவால்லயாம். எறங்குததில்ல, கரையில வல சிக்கு எடுக்காராம். எப்படி இருக்கீங்கன்னு நான் கேட்டதும், "தும்முத தம்பிதானே, சத்தத்துலயே தெரியுது"ன்னு சிரிச்சாரு. இன்னிக்குச் சொல்லிரணும்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். வாயத் தொறந்துட்டேன்.

அவ முந்திக்கிட்டா. "நல்லவேள லே, அன்னிக்கே தெரிஞ்சுது. இல்லன்னா இன்னும் நாலு பேரு நம்ம தலகாணிய நம்பி எறங்கிருப்பாங்க."

அவ அப்பா தலய ஆட்டுனாரு. "ஆமா. என்னோட போச்சு"ன்னாரு.

நான் ரெண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

அவளுக்கு நாலஞ்சு தடவ மெசேஜ் டைப் பண்ணிருக்கேன். எல்லாத்தையும் அழிச்சிட்டேன். போன்ல அழிச்சா அடில என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுல்ல.

இன்னிக்குக் காலைல சர்டிபிகேட் வாங்க காலேஜுக்குப் போயிருந்தேன். லேப் பூட்டிருந்துச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். சார்ட் இன்னும் செவுத்துலதான் இருக்கு, ஒரு மூலைல டேப் விட்டுட்டு. அஞ்சு புள்ளி. அஞ்சாவது நான் வச்சது.